கொள்ளிடக்கரை மண்டபம்

மாற்றலாகி ஸ்ரீரங்கம் வந்தபோது கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஆபீஸ் விட்டு வந்தால் பேச ஆளில்லாத வீடு. டிவியைப் போட்டு வைத்தாலும் தாங்கவில்லை. அதனால் சாயங்காலமானால் கொள்ளிடக்கரைக்குப் போய்விடுவேன்.

அங்கே படித்துறைக்கு மேலே ஒரு பழைய கல்மண்டபம். அந்தக் காலத்தில் பெருமாள் எழுந்தருளிய மண்டபம் என்பார்கள். இப்போது அது மீன் பிடிக்கிறவர்களின் இடம். தூணுக்குத் தூண் கயிறு கட்டி வலை காயும்; யாளியின் தலையில் ஈர லுங்கி தொங்கும்; ஓரமாகப் பரிசல் கவிழ்ந்து கிடக்கும். ஒரு நடுவயதுத் தம்பதி எப்போதும் இருப்பார்கள். அவர் கிழிந்த வலையைப் பின்னுவார், அந்த அம்மா மீனைப் பிரித்துக் கூடையில் போடுவார். நான் கடைசிப் படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேசிக்கொண்டதில்லை.

ஆடியில் ஒரு நாள் முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. செருப்பு நனைந்தது, அப்போதும் ஏனோ எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"அம்மா, மேல வாங்க! தண்ணி ஏறுது!"

அந்த அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மண்டபத்தில் உட்காரவைத்தார். ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்ல ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

"வீட்ல யாரும் இல்லைங்க."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். கணவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போன மாசத்துலேர்ந்து நீங்க எந்திரிச்சுப் போற வரைக்கும் இவரு கெளம்பவே மாட்டேங்கிறாரு. 'அந்தம்மா வீட்டுக்குப் போகட்டும், அப்புறம் போலாம்'ங்கிறாரு."

எதற்குப் பயந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. "ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க" என்றேன். அது முழு உண்மைதானா என்று எனக்கே நிச்சயமில்லை. அழுதுவிட்டேன். அவர்கள் கூடவே உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் மண்டபத்திலேயே உட்கார ஆரம்பித்தேன். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். கெண்டை கிடைத்ததா, மழை வருமா, அவ்வளவுதான். கோடையில் ஆறு வற்றியதும் முசிறிப் பக்கம் வாழைத்தோப்பு வேலைக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள்.

இந்த வருடமும் தண்ணீர் வந்தது. மண்டபத்தில் வேறு ஆட்கள் வலை காயப்போட்டிருந்தார்கள். விசாரிக்கப் போனபோதுதான் உறைத்தது, நான் அவர்கள் பேரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வருவாங்களே, இந்தத் தூண்கிட்ட உக்காந்து வலை பின்னுவாரு..."

"இங்க எல்லாரும் வலை பின்னுறவங்கதாங்கம்மா" என்றார் ஒருவர், நகர்ந்து எனக்கு இடம் விட்டபடி.