ஆரஞ்சு பீக்கோவும் ஆரஞ்சுச் சாயமும்

தேயிலையில் எந்த வண்ணமும் சேர்க்கக் கூடாது என்பது உணவுக் கலப்படத் தடை விதி. மைசூரில் அது காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது.

சென்ற தசரா முடிந்ததும், மஞ்சள் காமாலையிலிருந்து தேறிவந்த என் மனைவிக்குப் பால் சேர்க்காத தேநீர் குடிக்க டாக்டர் அனுமதித்தார். மார்க்கெட்டில் 'ஆரஞ்சு பீக்கோ' என்று எழுதிவைத்திருந்த உதிரித் தேயிலை வாங்கினேன். சில நாளில் அவள் கண்ணாடி முன் நின்று அலறினாள்.

"என்னங்க, நாக்கெல்லாம் மஞ்சளா இருக்கு! மறுபடியும் வந்துடுச்சா?"

ஆட்டோவில் ஓடினோம். டாக்டர் பார்த்தபோது கண் வெள்ளையாகவே இருந்தது. "என்ன குடிச்சீங்கம்மா?" என்றார். வீடு திரும்பி, ஈரமான வெள்ளைத் தாளில் அந்தத் தேயிலையைத் தூவினேன். சாயம் ஆரஞ்சாகப் பரவியது. மீதியைப் பொட்டலமாக மடித்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். கொஞ்சமும் கூசவில்லை.

"ஆரஞ்சுன்னு பேரை வெச்சுப்போட்டு ஆரஞ்சா வரலீன்னா எப்படிங்க சார்? ஜனங்க கேக்கறாங்க, கலர் போடறோம்."

ஆரஞ்சு பீக்கோ என்றால் முழு இலை. உடைந்த இலை, துகள், டஸ்ட் எல்லாம் சல்லடையில் அளவு பார்த்துப் பிரிக்கும் ரகங்கள். நிறத்துக்கும் பழத்துக்கும் இதில் சம்பந்தமே இல்லை என்று விளக்கினேன்.

"ஹௌதா ஸ்வாமி?" என்று கன்னடத்தில் 'அப்படியா' போட்டபடி அதையே அடுத்தவருக்கு நிறுத்துக் கொடுத்தார்.

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் மாதிரியோடு புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினேன். இப்போதெல்லாம் ஈரத்தாளில் தேறாத தேயிலை எங்கள் அடுப்படிக்குள் நுழைவதில்லை.

"ஆரஞ்சு தொடர்பான தங்கள் புகார் தோட்டக்கலைத் துறைக்கு அனுப்பப்பட்டது" என்று அலுவலகம் பதில் எழுதியது. அது என் கைக்கு வந்த நாள், இந்த ஆண்டு தசராவுக்கு முந்தின நாள்.