மொட்டைக்கு முன் எடுத்த படங்கள்

மகளுக்கு முதல் மொட்டை. அண்ணாமலையார் கோயிலில் முடியிறக்கும் முன், அவளுடைய சுருட்டை முடியில் பூ வைத்து என் பழைய பிலிம் கேமராவில் எடுத்தேன். போனைத் தூக்கிய மனைவியை, "வேணாம், இதுலயே நல்லா வரும்" என்று தடுத்துவிட்டேன்.

கழுவி வந்த எல்லாப் படத்திலும் தலையை மறைத்தபடி ஆரஞ்சு நிறப் பட்டை.

"திரும்ப எடுக்கலாம்னா முடி எங்கங்க இருக்குது?" என்றாள் மனைவி.

இருட்டறையில், காலி கேமராவுக்குள் குட்டி விளக்கை வைத்து மூடினேன். பின்மூடியின் கீல் ஓரம் வெளிச்சம் வெளியே கசிந்தது; அந்த வழியாகத்தான் வெயில் உள்ளே போய் பிலிமில் பட்டிருக்கிறது. அங்கே வெளிச்சத்தை அடைக்க ஒட்டியிருந்த ஸ்பான்ஜ் இளகிப் பிசினாகியிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுக் கறுப்புக் கம்பளி நூல் ஒட்டினேன்.

இப்போதெல்லாம் ரோல் போடும் முன் விளக்கு வைத்துப் பார்க்கிறேன். போனிலும் எடுத்துவிடுகிறேன். படங்கள் தெளிவாக வருகின்றன. மகளுக்கு முளைத்த முடிதான் சுருளவில்லை, நேராக வளர்கிறது.