தீர்மான நோட்டில் என் கையெழுத்து

எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவியாக இருந்தேன். பள்ளியில் படிக்கிற ஒரு பிள்ளையின் தாய்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்பது விதி. விதிக்கு ஒரு தாய் தேவைப்பட்டாள். வாயைத் திறக்காத தாயாக இருந்தால் இன்னும் நல்லது. வீட்டிலேயே உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிறவள், பன்னிரண்டாவது வரை படித்தவள், யாரிடமும் சண்டைக்குப் போகாதவள் என்று என்னைத் தேடிப் பிடித்தார் மெம்பர்.

மெம்பர் என்று ஊரே அழைக்கிற அந்த ஆள் மெம்பர் கிடையாது. வார்டு தேர்தலில் நின்று ஜெயித்தது அவர் மனைவி. அந்தம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. இவர்தான் வெள்ளைச் சட்டையில் சுற்றுவார், வணக்கம் வாங்குவார், மேடையில் மாலை போட்டுக்கொள்வார்.

"தங்கச்சி, ஒனக்கு ஒரு சோலியும் கெடையாது. கூப்பிட்டா வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ. அம்புட்டுத்தான்" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. முதல் கூட்டத்துக்குத் தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கூட்டம் எப்போதும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் ஊர்ப் பெண்கள் களை எடுத்துக்கொண்டோ ஆடு மேய்த்துக்கொண்டோ இருப்பார்கள். வருவது நாலு பேர். காலி நாற்காலிகளைப் பார்த்துத் தலைமையாசிரியர் பெருமூச்சு விடுவார். "பெற்றோர் ஒத்துழைப்பே இல்லம்மா. நாங்க என்ன செய்ய?" டவுனில் பசுமலைப் பக்கம் இருந்து காரில் வந்து போகிறவர். அவருடைய பிள்ளைகள் அங்கே இங்கிலீஷ் பள்ளியில் படித்தார்கள். கூட்டத்தை ஆறு மணிக்கு வைக்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன். நான் பேசியதே கேட்காத மாதிரி டீ சொல்லி அனுப்பினார். டீயும் பஜ்ஜியும் முடிந்ததும் தீர்மான நோட்டு வரும். அவர் விரல் வைத்த இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு வரிகூடப் படித்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, பிரேயரில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மயங்கி விழுந்தது. என் மகளோடு படிக்கிறவள். உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிறுநீரில் கிருமி, பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லை போலிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"ஏன்டி அவ தண்ணி குடிக்கல?" என்று என் மகளிடம் கேட்டேன்.

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்ல. பாத்ரூம் பூட்டியிருக்கும். கருவேலத்துக்குள்ள போகணும். அங்க அவ பாம்பப் பாத்துட்டா."

"நீ என்ன செய்வ?"

"நானும் குடிக்க மாட்டேன்" என்றாள், சாதாரணமாக. காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீரைச் சாயங்காலம் வாசலில் கொட்டிவிட்டு வீட்டுக்குள் வந்திருக்கிறாள். இத்தனை நாளும்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். மயங்கிய பிள்ளையின் அம்மா எனக்கு முன்பே வந்து, ஆபீஸ் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். ஆடு மேய்க்கிறவள். உள்ளே நாற்காலி கிடந்தது. அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"பிள்ளைக்கு நல்ல பழக்கம் சொல்லிக் குடுக்கணும்மா" என்று தலைமையாசிரியர் அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "தண்ணி குடிக்கச் சொல்றது வீட்டோட பொறுப்பு."

"கக்கூஸ் எதுக்கு சார் பூட்டியிருக்கு?" என்று நான் கேட்டேன்.

"தெறந்து விட்டா நாறடிச்சிருவாங்க. ஆபீசருங்க வந்தா எங்க போவாங்க?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. சாவி மேஜை டிராயரில் இருந்தது. தீர்மான நோட்டைக் கொடுங்கள் என்றேன். தலைவி கேட்கிறாளே என்று தயக்கத்தோடு நீட்டினார். முந்தைய கூட்டத்தின் பக்கத்தைப் புரட்டினேன். 'மாணவியருக்கான கழிப்பறை தூய்மையாகவும் பயன்பாட்டிலும் உள்ளது எனக் குழு மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது.' அதன் கீழே, சுழித்து அழகாகப் போட்ட என் கையெழுத்து.

அங்கே இருந்த பேனாவை எடுத்து அதன் கீழே எழுதினேன். 'இது பொய். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. சாவி தலைமையாசிரியர் மேஜையில் இருக்கிறது.'

அவர் எழுந்தே விட்டார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? இது ரெக்கார்டு. பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு, கிழிக்கவும் முடியாது." ஒரு பிள்ளை சுருண்டு விழுந்தபோது வராத பதற்றம் ஒரு நோட்டுக்கு வந்தது.

அன்று மதியமே மெம்பர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஊர் மானத்த வாங்கிட்டியே தங்கச்சி."

"மானத்தத் தெறந்து விடச் சொல்லுங்கண்ணே. பிள்ளைக போயிட்டு வரட்டும்" என்றேன். அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

அடுத்த வாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தப் பக்கத்தைப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "கையெழுத்து நல்லா இருக்கே, எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கேட்பதற்கு அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது. ஆனாலும் எழுத்தில் இருந்ததால் பயம். பூட்டை எடுக்கச் சொன்னார். தினமும் கழுவ வேண்டிய பஞ்சாயத்துப் பணியாளர் அதுவரை மெம்பர் வீட்டு மாட்டுக்கொட்டத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் எல்லாருக்கும் 'தெரிய' வந்தது. மறுநாளிலிருந்து அந்த அக்கா பள்ளிக்கு வந்தாள். பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள்.

குழுவை மாற்றி அமைக்கும் நாள் வந்தபோது மெம்பர் இன்னொரு பெண்ணின் பெயரைச் சொன்னார். அவருடைய சொந்தக்காரி. கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் மேலே போனது. மயங்கி விழுந்த பிள்ளையின் அம்மாவும் தூக்கினாள். தூக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய ஆடுகள் மேய்வது மெம்பரின் தரிசில். மற்றவர்களை நினைத்து எனக்கு வாய் கசந்தது. அவள் மேல் மட்டும் கோபம் வரவில்லை.

இப்போதும் கூட்டத்துக்குப் போகிறேன், கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். கையெழுத்துக்கு முன்னால் தலைமையாசிரியர் தீர்மானங்களை வாசித்துக் காட்டுகிறார். ஒரு வார்த்தையும் காதில் நிற்காத வேகத்தில் வாசிக்கிறார். நான் எழுந்து, "சார், மறுபடி வாசிங்க" என்பேன். மறுபடி வாசிப்பார்.