யாருக்கும் தெரியாமல்

தாராவியில் எங்கள் சந்தில் ஆறுமுகத்தாயின் இட்லியைத் தின்னாதவர் கிடையாது. விடியுமுன்னே அடுப்பு மூட்டிவிடுவாள். அவள் புருஷன் பேச்சிராஜா பாத்திரத்தைத் தலையில் வைத்து வெளியே விற்கப் போவார். மிச்சத்தை அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். நான் அடுத்த வீடு, செண்பகவல்லி. சாம்பார் சுமார்தான், சட்னியைக் குறை சொல்ல முடியாது.

பித்தப்பையில் கல் என்று அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. புண் சீழ் பிடிக்காமலிருக்க ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். புண் நன்றாக ஆறியது. வயிறுதான் தண்ணீராகப் போக ஆரம்பித்தது.

எங்களுக்கெல்லாம் ஒரே பொதுக் கழிப்பறை. அங்கே வரிசையில் நிற்பவர்கள் அவளிடம் இட்லி வாங்குகிற அதே பெண்கள். இட்லிக்காரிக்கு வயிற்றுப்போக்கு என்று ஒருத்திக்குத் தெரிந்தால் போதும், வியாபாரம் படுத்துவிடும். கெட்டிக்காரி என்ன செய்தாள்? தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். மருந்துக் கடையில் போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கி விழுங்கினாள். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. என்னட்டி என்று கேட்டேன்.

"சூடு மதினி" என்றாள். மோர் கொடுத்தேன், அதையும் குடிக்கவில்லை.

கடைசியில் வயிறு வீங்கி, காய்ச்சலும் வந்து, கழிப்பறை வரிசையிலேயே மயங்கி விழுந்தாள். சேலையெல்லாம் நனைந்துவிட்டது. வரிசையில் நின்ற ஷைஸ்தா தன் துப்பட்டாவை எடுத்து அவளைச் சுற்றினாள். நானும் ஷைஸ்தாவுமாகத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா பக்கத்து மாட்டுங்காவில் வளர்ந்த ஐயர் வீட்டுப் பெண். மலத்தைச் சோதித்து, இவள் இடுப்பில் செருகியிருந்த மாத்திரை அட்டையையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அந்த ஆன்டிபயாடிக் குடல்ல இருக்கற நல்ல கிருமியையும் கொன்னுடுத்து. கெட்டது பெருகிடுத்து. போறதையும் அடைச்சு வெச்சுட்டா, விஷம் உள்ளேயே தங்கிடுத்து. பிழைப்பாளான்னு இப்ப சொல்ல முடியாது."

சேதி கேட்டு ஓடிவந்த பேச்சிராஜா வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

பிழைத்துக்கொண்டாள். வேறு மருந்து ஏற்றி, காய்ச்சல் விட்டபின் கண் திறந்தவள் முதலில் கேட்டது இதைத்தான்:

"யாருக்காவது தெரியுமா மதினி?"

"சந்து முழுக்கத் தெரியும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். "இனி எவ என்கிட்ட வாங்குவா?"

எனக்கு வந்ததே கோபம்.

"வாங்காட்டி போறாளுவ, வேற வேலை பாப்போம். நீ செத்திருந்தாலும் அதே வரிசையில நின்னு இதத்தான் பேசிருப்பாளுவ. கேக்கதுக்கு நீ இருந்திருக்க மாட்டட்டி."