ஆவுடையம்மாளின் லில்லிப் பாத்தி

அந்த வருஷம் ஆவுடையம்மாள் வீட்டு லில்லிகள் இடுப்பு உயரத்துக்குத் தண்டு விட்டிருந்தன. வழக்கமாக ஒரு தண்டில் பத்துப் பன்னிரண்டு மொட்டு வரும். அந்த ஆனியில் இருபது, இருபத்தைந்து என்று வந்தது. மேலகரத்தில் குற்றாலம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவின் கடைசி வீடு அவளுடையது; கேட்டில் நின்றால் பின்மதில் வரை தெரியும். காலையில் நடக்கப் போகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

“என்ன உரம் போடுதீய ஆச்சி?” என்று கேட்காத ஆள் இல்லை.

“வெறும் மாட்டுச்சாணம். கையும் சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான்” என்பாள் ஆவுடையம்மாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

முப்பத்தொரு வருஷம் போலீஸில் இருந்தவள் அவள். அதில் பதினெட்டு சீசன் குற்றாலம் அருவிக்கரையில் பெண்கள் குளிக்கும் பக்கம் நின்றிருக்கிறாள். ஊர் பார்க்க வருகிறவர்கள் சாரலையும் பாறையையும் பார்ப்பார்கள். அவள் பார்த்தது வேறு. எண்ணெய் மிதக்கும் தண்ணீர், பாறை இடுக்கில் சொருகிய துணி, காலில் ஒட்டும் ஷாம்பு உறைகள், படியெல்லாம் குடிகாரர்கள் எடுத்த வாந்தி, அதன்மேல் நடந்துபோகிற பிள்ளைகள். வீட்டுக்கு வந்ததும் காக்கியைத் தனி வாளியில் டெட்டால் ஊற்றி முக்கிவிட்டுத்தான் சோற்றுப் பானையைத் தொடுவாள். புருஷன் மணிமுத்து இருந்தவரை அதைச் சொல்லிக் கேலி பண்ணிக்கொண்டே இருந்தார்.

ஓய்வு பெற்ற வருஷம், செங்கோட்டையைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், வழியில் நர்சரியில் நிறுத்தி ஒரே ஒரு டே லில்லிக் கிழங்கு வாங்கி வந்தாள். ஆரஞ்சு நிறம். காலையில் விரிகிற பூ பொழுது சாயும்போது சுருண்டுவிடும். மறுநாள் அதைக் கிள்ளாமல் விட்டால் அழுகிய பழத்தோல் மாதிரி தண்டில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். அவள் ஒரு நாளும் விட்டதில்லை. தூர் கட்டியதைப் பிரித்துப் பிரித்து நட்டு, ஐந்து வருஷத்தில் பின்மதில் ஓரம் நாற்பது தூர் ஆக்கியிருந்தாள்.

மதிலுக்குப் பின்னால் இருந்த மனை மணிமுத்துவின் அக்காளுக்குப் பங்காக வந்தது. அக்காள் மகன் உமாசங்கர் முந்தின வருஷம் அங்கே ஆறு அறை வைத்து ஒரு காட்டேஜ் கட்டினான். சீசனில் ஒரு நாள்கூட அறை காலியாக இருக்காது. மாடியில் ஈரத்துண்டுகள் வரிசையாகத் தொங்கும்.

பக்கத்து வீட்டு ஷரீபுன்னிசா ஒரு தூர் கேட்டிருந்தாள். அவள் புருஷன் சவூதியில், தம்மாமில் இருந்தான்; மகள் கல்லூரி விடுதியில். அவளுக்கும் செடிப் பைத்தியம். சனிக்கிழமை காலையில் மழை விட்டதும் ஆவுடையம்மாள் மண்வெட்டியால் மதிலோரத் தூர் ஒன்றை நெம்பினாள். மண் கறுப்பாக, களிபோல வழவழவென்று வந்தது. கிழங்கைக் கையால் பிடித்துத் தூக்கியபோது வேரோடு வேராக ஒரு முடிக்கற்றை சுற்றிக்கொண்டு வந்தது. அதில் ஒரு ஷாம்பு உறை. பிறகு வெள்ளையாக ஊறிப்போன ஏதோ ஒரு துணி. குழிக்குள் மஞ்சளாகத் தண்ணீர் ஊறியது. அப்போதுதான் நாற்றம் மேலே வந்தது.

மதிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாயின் வாய் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காட்டேஜ் மாடிக் கக்கூஸில் யாரோ தண்ணீர் இழுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் குழாய் கொப்பளித்தது.

அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தாள். மூன்று தடவை குளித்தாள். எலுமிச்சம்பழத்தை நறுக்கி நகத்துக்குள் தேய்த்தாள். இரண்டு நாள் கரண்டியால்தான் சாப்பிட்டாள். அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

உமாசங்கரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் மறுக்கவில்லை.

“அவசரத்துல டேங்க் கட்ட முடியல அத்தை. சீசன் வந்துட்டுல்லா. மண்ணு உறிஞ்சிரும்னு மேஸ்திரி சொன்னாரு.”

“என் மண்ணா லே கெடச்சுது உனக்கு?”

“கோவப்படாதிய. உங்க செடிக்கு நல்லதுதான? ஊரே வந்து போட்டோ எடுக்குது. என் பொண்டாட்டிகூடச் சொன்னா, ரிசப்ஷன்ல வைக்க டெய்லி நாலு பூ அத்தைட்ட கேளுங்கன்னு.”

சிரித்துக்கொண்டே சொன்னான். ஆவுடையம்மாள் உள்ளே போய் எலுமிச்சம்பழத்தை எடுத்து மறுபடியும் நகத்தைத் தேய்த்தாள்.

பேரூராட்சி ஆபீஸில் மனு எழுதிக் கொடுத்தாள். பத்து நாள் கழித்து ஒரு அதிகாரி வந்தார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு குழாயை எட்டிப் பார்த்தார். திரும்பும்போது பூக்களைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார்.

“ரொம்ப அழகா இருக்கேம்மா. வீட்டுல ஒரு கிழங்கு கேட்பாங்க. கிடைக்குமா?”

“குழாய்க்கு என்ன செய்யப் போறீய சார்?”

“நோட்டீஸ் அனுப்பலாம். இப்ப எல்லா ரூமும் புக் ஆகியிருக்கும். சீசன் முடியட்டும்மா.”

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஷரீபுன்னிசா டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நானும் இதேதான் சொன்னேன் ஷரீபு” என்றாள் ஆவுடையம்மாள்.

“யார்ட்டக்கா?”

“அருவிக்கரையில ஒரு பொம்பளைட்ட. சிவகிரிப் பக்கத்துக்காரி. துணி மாத்துற எடத்துல ஒருத்தன் போன்ல படம் எடுக்கான்னு அழுதுக்கிட்டு வந்தா. அவன் பெரிய எடத்துப் பையன், விட்டுருன்னு மேல சொல்லிட்டாவ. நான் அவட்ட என்ன சொன்னேன் தெரியுமா? சீசன் நேரம், கூட்டமா இருக்கு, வீட்டுக்குப் போங்கம்மான்னு சொன்னேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. இன்னைக்கு நான் அந்த ஆபீசரைப் பாத்தேன்லா, அதே பார்வை.”

ஷரீபுன்னிசா டீத் தம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். “எங்க வீட்டுல தளம் போட்டதுல மிஞ்சுன சிமெண்டு அரை மூட்டை கெடக்கு” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை சாரல் நன்றாக இருந்தது. காட்டேஜ் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. மத்தியானம் எல்லாரும் அருவிக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு பெண்களும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மதிலோரம் இறங்கினார்கள். ஆவுடையம்மாள் குழாய்க்குள் கருங்கல் சல்லியைத் திணித்தாள். ஷரீபுன்னிசா சட்டியில் குழைத்த சிமெண்டை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் ஆறு குளியலறையிலும் அவரவர் விட்டது அவரவர் காலடிக்கே வந்துவிட்டது. ஈரத்துண்டோடு ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார்கள். ஒரு பாட்டியை இருவர் நாற்காலியோடு சுமந்து வந்தார்கள். அந்த அம்மாவைப் பார்த்தபோது மட்டும் ஆவுடையம்மாளுக்கு மனம் ஒரு மாதிரி ஆனது.

உமாசங்கர் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“இது நீங்க செஞ்ச வேலதான அத்தை?”

“ஆமா.”

“என் பொழப்பைக் கெடுத்துட்டியளே. மனுசியா நீங்க?”

“கூச்சல் போடாத. என் எடத்துல என் மதிலுக்குக் கீழ இருந்த ஓட்டைய அடைச்சிருக்கேன். ஸ்டேசனுக்குப் போணும்னா வா, சேந்தே போவோம். ரெண்டு பேரும் எழுதிக் குடுப்போம்.”

அவன் வேறு வழியில்லாமல் அறைகளைப் பூட்டிவிட்டு, முன்னால் வண்டி நிறுத்தும் இடத்தைத் தோண்டித் தொட்டி கட்டினான். ஆடி பாதி அதிலேயே போயிற்று. அவன் அம்மா சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். ஒரு கல்யாணப் பத்திரிகை ஆவுடையம்மாள் வீட்டுக்கு வராமல் போனது.

குழாய் நின்றது. ஆனால் அவளால் அந்தப் பூக்களைப் பார்க்க முடியவில்லை. தினம் நாற்பது ஐம்பது விரிந்தன, தின்று கொழுத்த மாதிரி. தெருவில் நின்றவர்கள் கிழங்கு கேட்டார்கள். உள்ளதைச் சொல்லவும் வாய் வரவில்லை, கொடுக்கவும் கை வரவில்லை. கஞ்சத்தனம் என்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் ஆள் வைத்து எல்லாத் தூரையும் பிடுங்கி, மண்ணை முழங்கால் ஆழத்துக்கு வாரி, சுண்ணாம்பு கொட்டச் சொன்னாள்.

“செடி என்னக்கா செஞ்சுது? அது குடுத்ததக் குடிச்சுது” என்றாள் ஷரீபுன்னிசா. குவியலிலிருந்து நான்கு கிழங்கை எடுத்துக்கொண்டுபோய்த் தன் வீட்டுக் குழாயடியில் தேய்த்துக் கழுவினாள். இலையை நறுக்கினாள், வெயிலில் ஒரு நாள் வைத்தாள், புது மண்ணில் நட்டாள். ஆவுடையம்மாள் தூரத்தில் நின்று பார்த்தாள். கிட்டப் போகவில்லை.

பங்குனி கடைசியில் முதல் மொட்டு விரிந்தது. வழக்கமான உயரம்தான், தண்டுக்குப் பத்து மொட்டு. ஷரீபுன்னிசா கூப்பிட்டபோது அவள் போனாள். குனிந்து முகர்ந்தாள். மண்வாசம் மட்டும்தான் இருந்தது. இருந்தாலும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ரெண்டு கிழங்கு எடுத்துட்டுப் போறியளா?”

“வேண்டாம். இங்கனயே இருக்கட்டும்” என்றாள் ஆவுடையம்மாள். “நான் அப்பப்ப வந்து பாத்துக்கிடுதேன்.”