சாமி வந்தாச்சு, வேன் வரல்ல

வாடகைக்கு வேன் ஹயர் ஓட்டுறவங்களே, உங்களுக்கே தெரியும்: கல்யாண ஹயர்ல சாப்பாடாவது கிடைக்கும், யாத்திரை ஹயர்ல நமக்கும் சேர்த்து செபம்தான். அந்தக் காலத்துல வேதம் சொல்ல வந்தவங்களோட தடம் பார்க்கப் போன ஒரு ஹயரைச் சொல்றேன்.

எந்தச் சாமி?

யாத்திரைக்கு வர்ற ரோசலின் அக்கா பல்லேபொலவுல இருந்து போன் பண்ணினாங்க. "கோயில்ல நிக்கிறோம் தம்பி. சாமி வந்து ரொம்ப நேரமாச்சு, ஓடி வாங்க!" எனக்குக் கோயில்னா மாரியம்மன் கோயில். யாருக்கோ அருள் வந்திருச்சுன்னு, சாமியாடுறவங்களுக்குக் குடுக்கத் தேசிக்காயும் கையுமா அங்க போனா, பூசாரி தனியா வாசல் கூட்டிக்கிட்டு இருக்கார். விசாரிச்சு மாதா கோயிலுக்குப் போனேன். வெள்ளை அங்கியில நின்ன பாதர் தேசிக்காயைப் பார்த்துச் சிரிச்சார்: "நான்தாங்க அந்தச் சாமி. இன்னும் ஆடல்ல."

நாலந்தாவுல முழங்கால்

அக்காவோட ஒரே மகன் அந்தோனி. அடுத்த வாரம் இந்தப் பாதர் மாதிரிச் சாமியாருக்குப் படிக்கக் கண்டிக் குருமடத்துக்குப் போறான். அவனுக்காகத்தான் பாதர் இந்தப் பயணத்தையே ஏற்பாடு பண்ணினார். புருசனைப் பறிகொடுத்த அக்காவுக்கு மகன் சாமியாராப் போறது துளிகூடப் பிடிக்கல்ல. நாலந்தாவுல தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். அங்க இருக்கிற கெடிகேங்கிற பழங்காலத்துக் கல் கட்டடத்தைக் கண்டதும் பழைய மாதா கோயில்னு நினைச்சு அக்கா முழங்கால்ல விழுந்துட்டாங்க. "ஆண்டவரே, என் புள்ள மனச மாத்திரும்." பாவமா இருந்துச்சு. "அக்கா, இது புத்தர் கோயில்"னேன். மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொன்னாங்க: "கேட்டது கேட்டாச்சு தம்பி. யாரு காதுல விழுதோ விழட்டும்."

முன் சீட்டு

நாவுல தாண்டினதும் அந்தோனி முன் சீட்டுக்கு வந்தான். "அம்மா என்ன வேண்டிக்கிட்டாங்க அண்ணே?"ன்னு கேட்டான். டிரைவருக்குக் காது கேக்காது தம்பின்னேன். "எனக்கே கேட்டுச்சே அண்ணே"ன்னான்.

கல்லுக் குருசு

அநுராதபுரம் மியூசியத்துல கல்லுல செதுக்கின பழைய குருசு, அதான் சிலுவை, ஒண்ணு இருக்கு. பாரசீகத்துல இருந்து கடல் தாண்டி வந்த கிறிஸ்தவங்களோடதா இருக்கும்னு பாதர் சொன்னார். "அவங்க திரும்பி ஊருக்குப் போனாங்களா சாமி?"ன்னு அக்கா கேட்டாங்க. நிறையப் பேர் போயிருக்க மாட்டாங்கன்னார் பாதர். அக்கா மகனோட சட்டைக் காலரைச் சரி பண்ணினாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க: "பாவம், அவங்க அம்மாமாரு போய்ப் பார்க்கக்கூட வழியில்ல. தம்பி, குருமடத்துக்கு எந்த பஸ்ஸுல ஏறணும்?"

வேன்காரன்கிட்டயே பஸ்ஸுக்கு வழி கேட்டா பத்திக்கிட்டுத்தான் வரும், ஆனா அன்னைக்கு எந்த ஹால்ட்டுல இறங்கணும்ங்கிறது வரைக்கும் நானே சொல்லிக் குடுத்தேன்.