உபவாச வீடு

விருப்ப ஓய்வு வாங்கிய அன்று அரக்கோணம் ரயில்வே பார்சல் ஆபீசில் நிர்மலாவுக்கு ஒரு சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். சாயங்கால ரயிலில் திருத்தணிக்கு வந்து இறங்கியவர், வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தன் சாப்பாட்டுப் பையைத் துவைத்துக் கொடியில் போட்டார். இருபத்தெட்டு வருடம் தோளில் தொங்கிய பை.

"டப்பாவுல சாப்டது போதும்டா நைனா. இனிமே நாலு பேரை உக்கார வெச்சு, நானும் கூட உக்காந்து சாப்புடணும்" என்று மகன் ஆகாஷிடம் சொன்னார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

புருஷன் இறந்தபோது ஆகாஷ் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் படிப்பு, அரக்கோணம் சாலைப் பக்கம் இரண்டு அறை வைத்த தளம் போட்ட வீடு, அதன் கடன் என்று வருடங்கள் ஓடிப்போயின. விருந்தாளி என்று ஒருவரை உட்காரவைத்துச் சமைத்துப் போட அவருக்கு நேரம் வாய்த்ததில்லை. ஓய்வுப் பணம் வந்ததும் ஆசாரியிடம் சொல்லி எட்டுப் பேர் உட்காரும் மேசை ஒன்று செய்தார். மேசை வந்த பிறகு கூடத்தில் நடக்க வழியில்லை. பக்கவாட்டில் ஒருக்களித்துத்தான் போகவேண்டும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

காலையில் எழுந்து அவசரமில்லாமல் சமைப்பது அவருக்குப் புதிதாக இருந்தது. மசாலாவைக் கடையில் அரைக்காமல் அம்மியில் அரைத்தார். வாரம் ஒரு ஊறுகாய் போட்டார். அடுத்த வீட்டு தில்ஷாத் கிண்ணத்தோடு வருவாள். அவள் புருஷன் ஷரீப் பைக் மெக்கானிக். அவர்களும் சாப்பிடவேண்டும் என்றுதான் நிர்மலா கோழியை எப்போதும் பாய் கடையில் வாங்குவார்.

ஆனால் அவர் மேசை செய்தது சபைக்காரர்களுக்காக. வேலையில் இருந்தவரை ஞாயிறு ஆராதனைக்குப் போய், முடிந்ததும் ஓடிவருவதோடு சரி. இப்போது பெண்கள் ஐக்கியத்தில் சேர்ந்தார். பீட விரிப்புகளைத் துவைத்தார். ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் போய்ப் பார்த்தார். ஒரு ஞாயிறு சாட்சி சொல்ல அழைத்தபோது எழுந்து நின்று, மறைக்க ஒன்றுமில்லாதவராக, நடந்ததை நடந்தபடி சொன்னார். ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தது, அப்பன் ஆத்தாள் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டது, கர்த்தர் தன்னை ரயில்வே நாற்காலியில் உட்காரவைத்தது. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெண்கள் ஐக்கியத் தலைவி வசந்தி டீச்சர் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்தச் சபையில் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து வெள்ளிக்கிழமை தோறும் வீட்டு ஜெபம் நடத்துவார்கள். முறை வைத்து ஒவ்வொரு வெள்ளியும் ஒரு வீடு. எந்த வீட்டில் ஜெபமோ அந்த வீட்டில் சாப்பாடு. மாதத்தின் முதல் வெள்ளி மட்டும் உபவாச ஜெபம். காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை. அது முடியும்வரை யாரும் சாப்பிடுவதில்லை, அந்த வீட்டில் சாப்பாடும் கிடையாது. சாட்சி சொன்ன அடுத்த மாதம் வசந்தி டீச்சர் நிர்மலாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"உபவாச ஜெபத்தை இனிமே உங்க வீட்லயே வெச்சிக்கலாமா சிஸ்டர்? அமைதியான வீடு. உங்க சாட்சி அப்படி."

அன்று நிர்மலா வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். "மத்த வெள்ளியெல்லாம் வீடு வீடா சுத்தும். முதல் வெள்ளி மட்டும் நம்ம வீடு, நிரந்தரமா" என்று ஆகாஷுக்குப் போனில் சொன்னார். சாப்பாட்டு முறை தனியாக வரும் என்று நம்பிப் பன்னிரண்டு பீங்கான் தட்டுகளும் வாங்கினார்.

ஆகாஷுக்கு ஒரகடத்தில் வேலை. தொழிற்சாலையின் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலை. வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவான். அடுத்த ஆண்டுக்கான முறைப் பட்டியலைத் தட்டச்சு செய்யச் சொல்லி வசந்தி டீச்சர் கையெழுத்துத் தாளைக் கொடுத்தனுப்பினார். அடித்து முடித்தபின் ஆகாஷ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பத்திரண்டு வெள்ளி. அம்மாவின் பெயர் பன்னிரண்டு இடத்தில் இருந்தது, பன்னிரண்டும் முதல் வெள்ளி. மற்ற பதினான்கு குடும்பங்களுக்கும் மீதி நாற்பது, ஆளுக்கு இரண்டோ மூன்றோ. சாப்பாடு போடும் வெள்ளியில் அம்மாவின் பெயர் ஒன்றுகூட இல்லை.

கருவி ஒன்று இப்படியும் அப்படியுமாக விலகினால் தற்செயல். எத்தனை முறை அளந்தாலும் ஒரே பக்கம் விலகினால் அது தற்செயல் இல்லை. இது அவன் தினமும் பார்க்கிற விஷயம். பழைய பட்டியலைத் தேடி எடுத்தான். சாட்சிக்கு முந்தின வருடம் அம்மா வேலையில் இருந்ததால் பெயரே இல்லை. சாட்சிக்குப் பிறகு முதல் வெள்ளி, முதல் வெள்ளி, முதல் வெள்ளி. மற்ற பதினான்கு குடும்பங்களும் ஊர்த்தெருக்காரர்கள் என்பது ஊருக்கே தெரியும். யேசுவை ஏற்றுக்கொண்டபோது அவர்கள் சாதியை வாசலில் விட்டுவரவில்லை, கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

அடுப்படியில் நிர்மலா பாடிக்கொண்டே எதையோ தாளித்துக்கொண்டிருந்தார். ஆகாஷ் முப்பது பிரதி எடுத்து உறையில் போட்டான். அடுத்த வருடமும் அவனே அடித்தான். அதே பட்டியல், தேதிகள் மட்டும் வேறு.

முதல் வெள்ளிகளில் விடுப்பு எடுத்து இருமுறை வந்து பார்த்தான். வந்தவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து உருக்கமாக ஜெபித்தார்கள். உபவாசத்தில் தண்ணீர் குடிக்கலாம். ஆளுக்கொரு பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள். நிர்மலா வைத்த பானைத் தண்ணீர் பானையிலேயே இருந்தது. மூன்று மணிக்கு ஜெபம் முடிந்ததும் அவர் கஞ்சியும் துவையலும் கொண்டுவருவார். "வேணாம் சிஸ்டர், வீட்ல போய்த்தான் முடிக்கிறதா பொருத்தனை பண்ணிகினோம்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொள்வார்கள்.

தில்ஷாத்துக்கு வாய் அடங்காது. கஞ்சியைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டே ஒருநாள் கேட்டாள்.

"எங்க நோம்பு முப்பது நாளு. அதுவும் சாயந்திரமானா தொறந்துடுவோம். உங்க ஆளுங்க நோம்பு மூணு வருசமா தொறக்கவே மாட்டேங்குதே, இன்னாக்கா இது?"

"பக்தி அதிகம்டி அவங்களுக்கு" என்று நிர்மலா சிரித்தார்.

"பக்தியா, பவுசா?"

"போடி."

அந்த ஆகஸ்டில் ஆடிக்கிருத்திகைக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமையாக வந்தது. சுதந்திர தினம், விடுமுறை. மாதத்தின் மூன்றாவது வெள்ளி, சபைச் செயலாளர் நாகேந்திரன் வீட்டு முறை. அவர் வீடு மலையடிவாரத்தில். இரண்டு நாள் முன்பே போலீஸ் தடுப்பு போட்டுவிட்டது. காவடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டது. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே. அவரால் தன் வீட்டிலிருந்து ஸ்கூட்டரை வெளியே எடுக்கவே முடியவில்லை. கூட்டம் எட்டாத வீடு நிர்மலாவின் வீடுதான். வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை போன் வந்தது. காலை பதினொரு மணிக்கு ஜெபம்.

"சாப்பாடு நம்மளுது" என்றார் நிர்மலா போனை வைத்துவிட்டு. "மூணு வருசம் கழிச்சு நம்ம முறை வந்துருச்சு நைனா."

விடுமுறைக்கு வந்திருந்த ஆகாஷை விடிகாலையிலேயே பாய் கடைக்கு விரட்டினார். இருபத்தைந்து பேருக்குக் கோழிக் குழம்பு, குஸ்கா, முட்டை, ரசம், கேசரி. வசந்தி டீச்சருக்குச் சர்க்கரை என்பதால் அவருக்குத் தனியாகச் சப்பாத்தி. தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஆகாஷ் இரண்டுமுறை வாயைத் திறந்தான். இரண்டுமுறையும் அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். ஒருவேளை இன்று சாப்பிடுவார்களோ என்ற நப்பாசையும் இருந்தது. சாப்பிட்டுவிட்டால் எதையும் சொல்லவேண்டிய தேவை இல்லையே.

பதினெட்டுப் பேர் வந்தார்கள். செருப்புகளுக்குப் பக்கத்தில் பதினெட்டு தண்ணீர் பாட்டில். ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் நிர்மலா பீங்கான் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தார்.

"உக்காருங்க, உக்காருங்க. எட்டு எட்டு பேரா உக்காரலாம்."

யாரும் உட்காரவில்லை. நாகேந்திரன் தனக்கு வயிறு சரியில்லை என்றார். அவர் மனைவி, இப்போதுதான் டிபன் முடித்தோம் என்றாள். இன்னொருவர் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் போகவேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தார். வசந்தி டீச்சர் முன்னே வந்து நிர்மலாவின் தோளில் கைவைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். நாங்க எல்லாருமே இன்னிக்கி உபவாசம். தேசத்துக்காக எடுத்துகினோம்."

நிர்மலா தட்டுகளைப் பிடித்தபடியே நின்றார். எல்லாருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தார். வாசலில் இருந்த பாட்டில்களையும் பார்த்தார்.

"இன்னிக்கி மூணாவது வெள்ளி, டீச்சர்" என்றார்.

வசந்தி டீச்சர் தோளிலிருந்து கையை எடுத்தார். "ஸ்தோத்திரம்" என்றார். ஒவ்வொருவராக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாலையில் அரோகரா சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் பசியோடு நடந்துகொண்டிருந்தார்கள். ஆனால் சமைத்தது கோழி, போகிறவர்கள் விரதக்காரர்கள். அங்கேயும் நீட்ட முடியாது. தில்ஷாத் ஒரு குண்டான் வாங்கிக்கொண்டு போனாள்.

நிர்மலா மேசையில் உட்கார்ந்தார். சுற்றிலும் ஏழு நாற்காலி காலி.

"லிஸ்ட் அடிச்சது நீதானே?"

"ஆங்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் வருசம் அடிச்சப்பவே."

"ஏன்டா சொல்லல?"

"நீ சந்தோசமா இருந்த."

நிர்மலா பீங்கான் தட்டுகளைத் தள்ளி வைத்தார். "அவங்க என்னை ஏமாத்துனாங்க. சரி, அது அவங்க புத்தி. ரெண்டு வருசமா நான் ஏமாந்துகினு இருந்ததை நீ உக்காந்து பாத்துகினு இருந்திருக்க" என்றார். பிறகு எழுந்து அவனுக்குச் சோறு போட்டார். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

அதன்பிறகு முதல் வெள்ளிகளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு அரக்கோணம் போய்விடுவார். பழைய ஆபீசில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். உபவாச ஜெபம் சபைக் கட்டடத்துக்கு மாறியது. ஏன் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொன்னதும் முதல் ஆளாக வெளியே வந்தார். அம்மியில் அரைப்பதை நிறுத்தினார். மகனிடம் கோபமாகப் பேசவில்லை. சமையலைப் பற்றியும் பேசவில்லை. அதுவரை அவர்கள் போனில் பேசியதெல்லாம் சமையலைப் பற்றித்தான்.

பிப்ரவரியில் ஒரு காலை பால் வாங்க வெளியே வந்தவர் கேட்டைப் பிடித்தபடி உட்கார்ந்தார். தில்ஷாத் ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டாள். ஷரீப் ஆட்டோ பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு. வயது ஐம்பத்தைந்து.

அடக்கத்தைச் சபை குறையில்லாமல் நடத்தியது. பெட்டியை நாகேந்திரனே முன்னால் நின்று தூக்கினார். வசந்தி டீச்சர் நிர்மலாவின் நெற்றியைத் தடவி அழுதார். பிணத்தைத் தொட ஒருவரும் தயங்கவில்லை.

முப்பதாம் நாள் நினைவு ஜெபம், சாப்பாட்டோடு. இரண்டு நாள் முன்பு நாகேந்திரன் போன் செய்தார்.

"சாப்பாடு இன்னா பண்றீங்க தம்பி? வெளியிலதானே சொல்றீங்க?"

தில்ஷாத்தைத் துணைக்கு வைத்து அம்மாவின் அடுப்பிலேயே சமைக்கலாம் என்று ஆகாஷ் அதுவரை நினைத்திருந்தான். சமைத்தால் என்ன நடக்கும் என்றும் அவனுக்குத் தெரியும். அம்மாவின் பெயரில் போடுகிற இலை காலியாகக் கிடப்பதைப் பார்க்கிற தெம்பு அவனுக்கு இல்லை.

"ஆங், வெளியிலதான்" என்றான். அரக்கோணத்தில் ஒரு சமையல்காரரிடம் முன்பணம் கொடுத்தான்.

ஜெபம் முடிந்ததும் கூப்பிடாமலே உட்கார்ந்தார்கள். எட்டு எட்டுப் பேராக. அந்த மேசையில் அவர்கள் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. நாகேந்திரன் இரண்டுமுறை சாம்பார் வாங்கினார். வந்தவர்களில் ஒரு அம்மாள் பாயசத்தில் முந்திரி தாராளம் என்றாள். வசந்தி டீச்சர் சர்க்கரையை மறந்து இரண்டாவது கரண்டிக்கு இலையைக் காட்டினார்.

"எல்லாரும் இப்படி உக்காந்து சாப்புடறதைப் பாத்தா அம்மா எவ்ளோ சந்தோசப்பட்டிருப்பாங்க, இல்ல தம்பி?"

பாயச வாளியோடு நின்ற ஆகாஷ் ஊற்றிவிட்டுச் சொன்னான்.

"அம்மா கை பட்டது எதுவும் இதுல இல்லீங்க டீச்சர். தாராளமா சாப்புடுங்க."

டீச்சரின் கை இலையில் நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். மேசையின் அந்தக் கடைசியில், இதைக் கேட்காத ஒருவர், கொஞ்சம் ரசம் வேண்டும் என்றார். ஆகாஷ் ரச வாளியை எடுத்துக்கொண்டு, நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நடந்து போனான்.